ஆண்டின் பெயர்
என் மாமனார் முப்பத்திரண்டு வருடம் வானொலியில் செய்தி வாசித்தவர். வீட்டில் எல்லோரையும் போலத்தான் பேசுவார். ஆனால் வருடத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு. ஒரு எழுத்தும் உதிராது. அப்படிச் சொல்லத் தெரியாத மனிதர்கள்மேல், அதாவது உலகத்தார் அனைவர்மேலும், அவருக்கு இளக்காரம்.

முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது, எப்போது பிறந்தாய் என்று கேட்டார். "எண்பதுல" என்றேன்.

"எண்பதுலயா? அப்ப ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வயசு ஆச்சே. பாத்தா தெரியலையேம்மா."

வீடே சிரித்தது. என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரும் சிரித்தார். இருபத்தொரு வருடமாகியும் அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை. அதன்பிறகு அவர் முன்னால் நான் எந்த வருடத்தையும் சொன்னதில்லை. "பெரியவன் பொறந்தப்போ", "இந்த வீட்டுக்கு வந்தப்போ" என்றே காலத்தை ஓட்டினேன். ஒரு மனிதர் தன் வாழ்நாள் பெருமை முழுவதையும் எண்களின் வால் எழுத்தில் கொண்டுபோய்த் தொங்கவிட்டிருப்பது எவ்வளவு அற்பம் என்று மனசுக்குள் வைதுகொள்வேன். வெளியே, "காப்பி ஆறுது மாமா."

மாமாவின் கார் ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க, இந்த வயதுக்கு மருத்துவரின் சான்று வேண்டும் என்றார்கள். கணவருக்கு விடுப்பு இல்லை, எனக்கு இருக்கிறதாம். மாமாவே ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் மற்ற ஓட்டுநர்களுக்கு அர்ச்சனை.

டாக்டர் சின்னப் பெண். கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பொறந்த வருஷம் சார்?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு."

"நைன்டீன் ஃபார்ட்டி எய்ட்" என்று முணுமுணுத்தபடியே எழுதினாள்.

"பத்தொம்பது, நாப்பத்தெட்டு. வருஷமா இது, பஸ் நம்பரா?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டார். இப்படிப்பட்ட தருணங்களில் மட்டும் நான் அவருக்குச் சொந்தம்.

"ரிட்டயர் ஆனது?"

"இரண்டாயிரத்து ஆறு."

"இப்ப என்ன வருஷம்?"

"நீயே சொல்லு. ஒழுங்கா வருதான்னு பாப்போம்."

டாக்டர் சிரித்தாள். பழக்க தோஷத்தில் நானும் சிரித்திருப்பேன். அப்போதுதான் மேசைக்கு அடியில் அவருடைய கை தெரிந்தது. சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. போன மாதம் கேஸ் எப்போது மாற்றினோம் என்று கேட்டதற்கு, "கேஸ்னு சொல்லாதே, சிலிண்டர்னு சொல்லு" என்றார். பேத்தி எந்த கிளாஸ் என்று யாரோ விசாரித்தபோது, "கிளாஸா, வகுப்பா? நாக்கைச் சுத்தம் பண்ணிட்டு வா" என்றார். ஒரு வருடமாக அவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை, கேள்வியைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். நாங்கள் திட்டு வாங்கிய எரிச்சலில் பதில் வராததைக் கவனிக்கவே இல்லை.

"நான் சொன்னா தப்பாத்தான் வரும் சார்" என்றாள் டாக்டர். "நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

கெட்டிக்காரி. அவர் தொண்டையைச் செருமினார். முதுகு நிமிர்ந்தது.

"இரண்டாயிரத்து…"

அந்தத் 'து' அப்படியே நின்றது. அவர் கண்கள் சுவரில் தேடின, மேசையில் தேடின, பிறகு என்மேல் வந்து நின்றன. இருபத்தொரு வருடத்தில் முதல் முறையாக அந்தப் பார்வையில் இளக்காரம் இல்லை. எனக்குத் தெரியும். ஒரு சின்ன முணுமுணுப்பு போதும். சொல்லவில்லை. டாக்டரின் சோதனையைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொல்லவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

"ஆறு" என்றார். "இரண்டாயிரத்து ஆறு."

உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

டாக்டர் எழுதினாள். சான்றில் கையெழுத்துப் போடவில்லை. இன்னொரு மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு தந்தாள். அவர் வெளியே போனதும், "அவர் வண்டி ஓட்ட வேண்டாம். இன்னிலேர்ந்தே" என்றாள் என்னிடம்.

படியிறங்கும்போது பழைய கம்பீரம் திரும்பியிருந்தது. "அந்தப் பொண்ணுக்கு நாக்கே புரளலை. இதெல்லாம் டாக்டராம்."

"ஆமா மாமா."

எடை பார்த்தபோது அவரைச் சட்டைப் பையைக் காலி செய்யச் சொன்னதால் சாவி என்னிடம்தான் இருந்தது. அவர் விறுவிறுவென்று நடந்து ஓட்டுநர் பக்கக் கதவருகே போய் நின்றார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, காரின் கூரைக்கு மேலாகக் கையை நீட்டினார். உள்ளங்கை விரிந்திருந்தது. பின்னால் யாரோ இடம் கேட்டு ஹாரன் அடித்தார்கள். என் கை கைப்பைக்குள் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தது.