உள்பக்கத் தாழ்ப்பாள்

"கழட்டியாச்சு. இதோட இந்தப் பேச்ச விட்டுடுங்க."

கடைக்காரர் ஸ்க்ரூட்ரைவரைத் தரையில் வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் மகனும் புது மருமகளும் இருக்கிற அறைக் கதவில், தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இப்போது வெறும் ஓட்டைகள். கழற்றிய தாழ்ப்பாள் அவர் உள்ளங்கையில் பளபளவென்று கிடந்தது. ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிற மனிதர். "கதவு எப்படி வேணா இருக்கட்டும் சார், தாழ்ப்பாள் நல்லதா இருந்தாத்தான் நிம்மதியாத் தூங்கலாம்" என்று சொல்லித்தான் கடையில் பெட்டி பெட்டியாக விற்கிறார். வீட்டில் அதே கையால் கழற்றுகிறார்.

நடந்தது இவ்வளவுதான். புதுப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி லேபில் ராத்திரி வேலை. குப்பி குப்பியாக வருகிற ரத்தத்தை விடிய விடியப் பரிசோதித்துவிட்டுக் காலையில் வீடு வருவாள். குளிப்பாள், சாப்பிடுவாள், படுப்பாள். மாமியார் அவளுக்கு வைத்த பெயர் ராக்கோழி. முதலில் வேடிக்கையாகத்தான் வைத்தாள். இப்போது வீட்டில் எல்லோருக்கும் அவள் ராக்கோழிதான். வேடிக்கை மட்டும் போய்விட்டது.

வீட்டின் பாதிச் சாமான் அவள் அறையில்தான் இருக்கிறது. போர்வை பீரோ, இஸ்திரி மேசை, தையல் மெஷின். மாமனார் துண்டு எடுக்க வருவார். மாமியார் தலையணை உறை எடுக்க வருவாள். வந்தவள் அப்படியே உட்கார்ந்து கடகடவென்று இரண்டு சட்டை தைத்துவிட்டுப் போவாள். அன்றைக்கு ராக்கோழி தாழ்ப்பாளைப் போட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். மாமியார் தட்டினாள், இடித்தாள், எதிர்வீட்டு டெய்லர் எட்டிப் பார்க்கும்வரை கத்தினாள். அந்த டெய்லர் எட்டிப் பார்த்ததுதான் பெரிய குற்றமாகிவிட்டது.

"கல்யாணம் ஆகி வந்து எனக்குத் தலை நரைச்சாச்சு" என்றாள் மாமியார். "ஒரு நாளாவது பகல்ல கதவ அடைச்சிருப்பேனா? குடும்பம் நடத்துற வீட்டுல தாழ்ப்பாள் என்னத்துக்கு?"

"தூங்குறதுக்கு அத்தை."

"பட்டப்பகல்ல பொம்பள கதவடைச்சுத் தூங்கினா அது வீடா, லாட்ஜா?"

ராக்கோழி தன் புருஷனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனின் திரை அணைந்தே இருந்தது.

கடைக்காரர் கூடத்து நாற்காலியில் இருந்த தன் அம்மாவைக் கை காட்டினார். எந்தச் சண்டையும் கடைசியில் அங்கேதான் வந்து முடியும். "இதோ பாட்டியப் பாரு. எத்தன பேருக்கு வடிச்சுக் கொட்டியிருக்காங்க. ஒரு நாள் அப்பாடான்னு காலை நீட்டியிருப்பாங்களா? சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் சாமி ரூமு, தியானம். அந்த பக்திதான் இந்தக் குடும்பத்தைத் தாங்குது."

"எனக்கு இப்பவே சிலை வெக்காதடா" என்றாள் பாட்டி. "நான் இன்னும் சாகல."

எல்லோரும் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ராக்கோழி மட்டும் பாட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தூக்கம் கெட்ட கண், சிவந்து வீங்கியிருந்தது.

"உங்கள மாதிரி ஒருத்தங்க போதும் பாட்டி" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "பின்னாடி வர்ற எல்லாருக்கும் மூச்சு முட்டிரும்."

பாட்டிக்குச் சுரீரென்று ஏறியது. இந்த வீட்டில் யாரும் அவளிடம் அப்படிப் பேசியது கிடையாது. எழுந்தாள், சாமி அறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளைப் போட்டாள்.

போட்டுவிட்டு என்ன செய்தாள் தெரியுமா? சாமி படங்கள் இருக்கிற அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்னத் தலையணையை உருவி எடுத்தாள். தரையில் பாயை விரித்தாள். காலை நீட்டிப் படுத்தாள்.

இதுதான் அவளுடைய தியானம். அன்றும் இன்றும் இதுதான்.

பாட்டியின் மாமனார் காலத்தில் அவர் கும்பிடும்போது யாரும் குறுக்கே வரக் கூடாது என்று உள்ளுக்குப் போட்ட தாழ்ப்பாள் அது, கனத்த பித்தளை. அவர் போனபின் விளக்கேற்றும் வேலை அவளுக்கு வந்தது. ஒரு நாள் கைக்குழந்தை ராத்திரியெல்லாம் அழுத அசதியில் கதவைச் சாத்தி, கொஞ்சம் கண் அசந்துவிட்டாள். பதறிப்போய் விழித்துக் கதவைத் திறந்தால், வெளியே வீடே அடங்கிக் கிடந்தது. புருஷன், கொழுந்தன், நாத்தனார், ஒருவரும் தட்டவில்லை. "கும்பிட்டு முடிச்சாச்சா?" என்று புருஷன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவளுக்காக அந்த மனிதர் குரலைத் தாழ்த்தியது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குச் சாமியோடு ஒரு உடன்பாடு செய்துகொண்டாள். நான் உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன், நீயும் என்னை எதுவும் கேக்காதே. அந்த வீட்டிலேயே சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியது சாமி ஒருவர்தான். பக்தி என்று அவளிடம் ஏதாவது இருந்தால், அந்த நன்றிதான் அது.

மகனுக்குக் கல்யாணம் ஆகி மருமகள், இன்றைக்கு ராக்கோழிக்கு மாமியாராக இருப்பவள், வந்த புதிதில், "நானும் உள்ள வரட்டுமா அத்தை?" என்று ஒரு தடவை கேட்டாள். ரெண்டு பேர் இருந்தால் தியானம் கலைந்துவிடும் என்று பாட்டி சொல்லிவிட்டாள். மருமகள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அன்று பாட்டிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பின்னாடி வர்ற எல்லாருக்கும் மூச்சு முட்டிரும். அந்தக் குட்டி சொன்னது காதுக்குள்ளேயே நின்றது. கூடவே எங்கிருந்தோ அம்மா வந்துவிட்டாள்.

சின்ன வயதில் அவர்கள் வீட்டில் ஒரு சாமான் அறை இருந்தது. அரிசி மூட்டைக்கும் விறகுக்கும் நடுவே ஓர் ஆள் குந்துகிற அளவுக்குச் சந்து. மத்தியானத்தில் அம்மா அங்கே போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அழ மாட்டாள். எதுவும் செய்ய மாட்டாள். சும்மா இருப்பாள், அவ்வளவுதான். பாட்டிக்கு மட்டும் அந்த இடம் தெரியும். அம்மா உதட்டில் விரலை வைத்துக் காட்டுவாள். இவளும் ஓசைப்படாமல் திரும்பிவிடுவாள். ஒரு நாள் சின்ன அண்ணன் பம்பரத்தைத் தேடி உள்ளே போனவன், "அம்மா எலி மாதிரி ஒளிஞ்சிருக்கா" என்று கூவிக்கொண்டு ஓடி வந்தான். வீடே சிரித்தது. அப்பாவுக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. மூட்டைக்கு நடுவிலிருந்து தலையில் உமியோடு எழுந்து வந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பாட்டியால் இந்த வயதிலும் மறக்க முடியவில்லை. மறுநாள் அந்த அறைக்கு அப்பா ஒரு பூட்டுப் போட்டார். வெளிப்பக்கத்தில்.

அந்த வாரமே லேபில் ராக்கோழி இரண்டு குப்பிகளில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள். நல்லவேளை, கூட இருந்தவள் பார்த்துவிட்டாள். இன்னொரு தடவை நடந்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று மேலதிகாரி சொல்லியனுப்பினார். சாப்பாட்டு மேசையில் அதை அவள் சொன்னபோது, மாமியார் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம்.

"அதான் சரி. வேலைய விட்டுட்டு வீட்டோட இரு" என்றாள். "உடம்புக்கு முடியலைன்னா எதுக்கு வம்பு?"

"உடம்புக்கு என்ன? தூங்க விட்டா வேல பாப்பேன்."

"உன்ன யாரும்மா தூங்க வேண்டாம்னா? கதவச் சாத்திக்க. தாழ்ப்பாள் போடாத. யாராவது வந்தா எடுக்க வேண்டியத எடுத்துட்டுப் போகப் போறாங்க."

ராக்கோழி கதவுக்கு முட்டுக் கொடுத்து நாற்காலி வைத்துப் பார்த்தாள். கடைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே உள்ளே வந்து, "என்ன, கோட்டையா கட்டுற?" என்று சிரித்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போனார். அவர் சிரித்தது பாட்டிக்குக் கூடம்வரை கேட்டது. அப்பா சிரித்த அதே சிரிப்பு. அப்படியே அச்சு.

அடுத்த நாள் சாப்பாடு முடிந்ததும் பாட்டி எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"ஏய் ராக்கோழி. இன்னிலேர்ந்து என்கூட சாமி ரூமுக்கு வா. நாலு நல்ல வார்த்த சொல்லித் தரேன்."

மகனுக்கும் மருமகளுக்கும் கோயில் மணி அடித்த மாதிரி இருந்தது. ராக்கோழி பாட்டியைப் பார்த்த பார்வையில் கொஞ்சம்கூட மரியாதை இல்லை. தூக்கத்தைப் பிடுங்கினது போதாதென்று இது வேறா என்று அந்தப் பார்வை கேட்டது. ஆனாலும் வந்தாள். சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பாட்டி அலமாரிக்குப் பின்னாலிருந்து தலையணையை எடுத்து அவள் மேல் எறிந்தாள்.

"படு."

"என்ன பாட்டி?"

"காது கேக்கலையா? பஞ்சு வெச்சிருக்கியா? படுன்னேன். செவத்துப் பக்கம் என் எடம், அங்க வராத."

ராக்கோழி தலையணையைப் பார்த்தாள். அதில் எண்ணெய்க் கறையாகப் பாட்டியின் தலை அச்சு, வருடக்கணக்கில் படிந்தது. அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"அப்ப இத்தன நாளா நீங்க..."

"ஆமா. போய் உங்க மாமாகிட்ட சொல்லு போ. நம்ப மாட்டான்."

"சாமி கோச்சுக்காதா?"

"அவர் பாத்துட்டுத்தான் இருக்காரு. ஒரு நாளும் துண்டு எடுக்கணும்னு எழுந்து வந்ததில்ல."

ராக்கோழிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே தூங்கிவிட்டாள்.

அதன் பிறகுதான் வம்பு. அந்தப் பெண்ணுக்குக் குறட்டை. சின்னக் குறட்டை இல்லை, மாவு மெஷின். பாட்டி எழுந்து உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் சத்தமாக ஏதோ சுலோகம் சொல்ல ஆரம்பித்தாள். பாதி மறந்துபோயிருந்தது, வாய்க்கு வந்ததைச் சேர்த்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அந்த அறையில் பாட்டி நிஜமாகவே சாமி கும்பிட வேண்டியதாயிற்று. தன்னுடைய அந்த ஒரு மணி நேரத் தூக்கம் போனதே என்று மனசுக்குள் அந்தக் குட்டியைத் திட்டிக்கொண்டேதான் கும்பிட்டாள்.

வெளியே கடைக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தார். பேரன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான். போன் வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசினார்கள். அந்தப் பெண் கொஞ்சம் தூங்க விடுங்கள் என்று கேட்டபோது ஒரு கதவுகூடச் சும்மா இருக்கவில்லை. சாமி கும்பிடுகிறாள் என்றதும் வீடே மூச்சை அடக்கிக்கொண்டது. எதிர்வீட்டு டெய்லரிடம்கூடக் கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்: "பொண்ணு மாறிடுச்சுங்க. பாட்டியோட பக்தி அப்படியே எறங்கிருச்சு."

ஒரு மணி நேரத் தியானம் நாளாக நாளாகச் சாயங்காலம்வரை நீண்டது. லேபில் அதன் பிறகு தப்பு எதுவும் நடக்கவில்லை. வேலையை விடுகிற பேச்சும் மெல்ல நின்றுபோயிற்று. பாட்டி மட்டும் இளைத்துப்போனாள். தொண்டை கட்டிக்கொண்டது.

நேற்று மத்தியானமும் அப்படித்தான். ராக்கோழி நல்ல தூக்கத்தில் இருந்தாள். பாட்டிக்கு இருமல் வந்து சுலோகம் நடுவில் நின்றது. அந்த அமைதியில் குறட்டை கூடம்வரை போயிருக்க வேண்டும். கதவில் மெல்ல, ஒரே ஒரு விரல் தட்டிற்று.

"அத்தை."

மருமகளின் குரல். லாட்ஜா என்று கேட்ட அதே வாய்.

"சத்தம் வெளிய கேக்குது அத்தை."

பாட்டி அசையவில்லை. போச்சு, மானம் போச்சு, இந்தத் தாழ்ப்பாளும் இன்றைக்கே கழன்றுவிடும் என்று நினைத்தாள். ஸ்க்ரூட்ரைவர் எங்கே இருக்கிறது என்பதுகூட மருமகளுக்குத் தெரியும்.

"நான் யாருகிட்டயும் சொல்லல." கதவில் ஏதோ சாய்கிற ஓசை. நெற்றியாக இருக்க வேண்டும். "இடுப்பு கழண்டு விழுது அத்தை. காலைலேர்ந்து நிக்கிறேன். ஒரு அரை மணி நேரம் நானும் கும்பிட்டுக்கிறேனே."

பாட்டி எழுந்து வந்து தாழ்ப்பாளில் கையை வைத்தாள். குளிர்ந்த பித்தளை. மகன் கடையில் அலமாரி முழுக்கத் தாழ்ப்பாள் அடுக்கியிருக்கிறான். இங்கே மூன்று தலைமுறைப் பெண்களுக்கும் சேர்த்து இந்த ஒன்றுதான். திறந்தால் அந்தச் சின்னப் பெண்ணின் தூக்கமும் வேலையும், அவளைத் துரத்தியவளின் கையில் போய்ச் சேரும். நாளைக்கே ஒரு கோபத்தில் எல்லாம் அம்பலத்துக்கு வரலாம். திறக்காவிட்டாலும் பழசு ஒன்று இருக்கிறது. முன்பு ஒரு முறை இதே கதவுக்கு வெளியே இதே பெண் நின்று கேட்டதும், பாட்டி சொன்ன பதிலும், இரண்டு பேருக்குமே மறக்கவில்லை.

அறையில் இடமா? முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மூன்று பேர் இருக்கலாம்.

வெளியே தூரத்தில், "யாரும் அங்க நிக்காதீங்க, சாமி கும்பிடுறாங்க" என்று கடைக்காரர் கிசுகிசுப்பது கேட்டது. பாட்டியின் கை இன்னும் தாழ்ப்பாள் மேல்தான் இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், திறப்பீர்களா?