அம்மாவின் முட்டி

மானகிரி அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அனுசுயா தரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியதை யாரும் பார்த்ததில்லை. எப்போதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். கேட்டால் வாதம் என்பாள். முப்பத்தெட்டு வயதில் அப்படி என்ன வாதம் என்று எவரும் துருவியதில்லை. மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் அவள் கணவன் பாண்டிமுருகனும் பதினேழு வருஷமாக அதை நம்பிக்கொண்டுதான் இருந்தான்.

உண்மை வேறு. கொத்தமங்கலத்தில் பத்தாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளி விளையாட்டு விழாவில் ஓடித் திரும்புகையில் அவளுடைய வலது முட்டிச் சில்லு பக்கவாட்டில் நழுவிவிட்டது. நாட்டு வைத்தியர் ஒருவர் அதை இருந்த இடத்தில் தள்ளி வைத்துக் கட்டுப் போட்டார். அன்றைக்கே அவள் அம்மா சொல்லிவிட்டாள்: "இதப் பத்தி வெளிய மூச்சு விடாத. கால்ல குறைன்னு ஒருத்தன் காதுல விழுந்தா எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு தடவை நழுவியது. ஒரு தடவை பரணிலிருந்து அண்டாவை இறக்கும்போது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, காலை மெல்ல நீட்டி, சில்லைத் தானே உள்ளே தள்ளினாள். ஈரத்தில் வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னாள்.

அவளுடைய ஒரே மகள் சத்தியப்பிரியா பதினோராம் வகுப்பு. பள்ளி வாலிபால் அணியில் அவள் எகிறி அடித்தால் எதிரணியில் எடுக்க ஆள் கிடையாது. உடம்பு எப்படி வேண்டுமானாலும் வளையும். கட்டை விரலை மடக்கினால் முன்கையில் போய் ஒட்டும். கையை நீட்டினால் முழங்கை பின்பக்கமாக வளையும். நேராக நின்றாலே முட்டி இரண்டும் பின்னால் வில் மாதிரி போகும். விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் செய்து காட்டச் சொல்லிக் கைதட்டுவார்கள். "எம் மகளுக்கு எலும்பே கெடையாது, அம்புட்டும் ரப்பரு" என்று பாண்டிமுருகன் பெருமைப்படுவான். அனுசுயா மட்டும் அந்த நேரத்தில் காபி டம்ளர்களைப் பொறுக்கப் போய்விடுவாள். அந்த வயதில் அவளுக்கும் கட்டை விரல் அப்படித்தான் ஒட்டியது.

ஜூலை மாதம் பள்ளியில் விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் பரிசோதனை நடந்தது. காரைக்குடியிலிருந்து வந்த பிசியோதெரபி டாக்டர், சின்ன வயசுப் பெண், சத்தியப்பிரியாவின் மூட்டு ஒவ்வொன்றையும் மடக்கிப் பார்த்துவிட்டுப் பெற்றோரை வரச் சொன்னாள்.

"உங்க மகளுக்கு மூட்டெல்லாம் ரொம்ப இளக்கமா இருக்கும்மா. பார்க்க அழகுதான். ஆனா குதிச்சு இறங்குறப்ப முட்டியப் பிடிச்சு நிறுத்துற அளவுக்குத் தொடையில வலு இல்ல. பொம்பளப் பிள்ளைகளுக்கு இந்த வயசுல முட்டிக்குள்ள இருக்குற லிகமெண்ட் அறுந்துபோறது பையன்கள விட ஜாஸ்தி. இந்த இளக்கம் பெரும்பாலும் பரம்பரையா வர்றது. உங்க வீட்ல யாருக்காச்சும் இப்படி வளையுமா? முட்டி, தோளு எதுவும் நழுவியிருக்கா?"

"எங்க பக்கம் யாருக்கும் கெடையாது டாக்டர்" என்று பாண்டிமுருகன் முந்திக்கொண்டான். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்க பக்கமும் இல்ல" என்றாள் அனுசுயா.

"அப்பச் சரி. இருந்திருந்தா மூணு மாசம் குதிக்கவே விடாம எலும்பு டாக்டர்ட்ட காட்டச் சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஒரு தாளில் உடற்பயிற்சிகளை எழுத ஆரம்பித்தாள். அப்போதாவது அனுசுயா வாயைத் திறந்திருக்கலாம். எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அவள் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் சிவகங்கையில் மாவட்டப் போட்டி. கணவனும் மனைவியும் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டாவது செட்டில் தூக்கிவிட்ட பந்தை சத்தியப்பிரியா எகிறி அடித்தாள். பந்து எதிர்ப்பக்கம் மூலையில் விழுந்தது. கூட்டம் கத்தியது. அவள் இடது காலில் இறங்கினாள். முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. எவரும் அவளைத் தொடவில்லை, தள்ளவில்லை. கட்டிப்பிடிக்க ஓடிவந்த பிள்ளைகள், அவள் தரையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

கீழே இறங்கி ஓடும்போதே அனுசுயாவுக்குத் தெரிந்துவிட்டது.

மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் லிகமெண்ட் முழுதாக அறுந்திருக்கிறது என்றார். வீக்கம் வடிந்ததும் ஆபரேஷன். திரும்ப விளையாட ஒரு வருஷம்கூட ஆகலாம். ஜனவரியில் விளையாட்டு விடுதிக்குத் தேர்வு நடக்க இருந்தது. சத்தியப்பிரியா அதற்காகத்தான் இரண்டு வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தாள். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாண்டிமுருகனுக்குக் கோபத்தை யார் மேலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. பி.டி. டீச்சர் கிருத்திகா அகப்பட்டாள். "ஓயாம குதிக்க விட்டு எம் பிள்ளை காலைக் கெடுத்துட்டா. விடமாட்டேன்" என்று கல்வி அதிகாரிக்கு மனு எழுதினான். எழுதியதை மனைவியிடம் உரக்கப் படித்தும் காட்டினான். "சரியா இருக்கா?" என்றான். அவள் தலையை ஆட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமை குன்றக்குடிக்குப் போனாள். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி முருகன் முன்னால் நின்றவளுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. மகள் கால் தேற வேண்டும் என்று கேட்க வந்தவள், தன் விஷயம் வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்றும் மனசு சேர்த்துக் கேட்பதைக் கவனித்தாள். திருநீற்றை வாங்காமலே இறங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டிருந்தார். கிருத்திகா வேலைக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகாதவள். கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்த பிசியோ எழுதிக் குடுத்த எக்சர்சைஸ் எல்லாத்தையும் செய்ய வச்சேன் சார். தேதி போட்டு எழுதியிருக்கேன். இதுக்கு மேல நான் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல" என்றாள்.

"நோட்டுல எழுதுனா போன காலு வந்துருமா?" என்றான் பாண்டிமுருகன்.

"டீச்சர் மேல தப்பு இல்லைங்க" என்றாள் அனுசுயா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நாந்தான் பொய் சொன்னேன். அந்த டாக்டரு வீட்ல யாருக்காச்சும் முட்டி நழுவியிருக்கான்னு கேட்டாக. எனக்கு நழுவியிருக்கு. பத்தாவது படிக்கையில ஒருக்க. கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு தடவ. பரண்ல அண்டா எடுக்கையில வழுக்கிருச்சுன்னு சொன்னேன்ல, அது வழுக்கல."

பாண்டிமுருகன் மனுவை மேஜையிலிருந்து எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பேசியது கிருத்திகாதான். அவள் நன்றி சொல்வாள் என்று அனுசுயா எதிர்பார்த்திருந்தால் அது நடக்கவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அவள இறக்கியிருக்கவே மாட்டேனேம்மா" என்றாள்.

திரும்பி வரும் வழியில், மானகிரிக்குப் பிரியும் விலக்குக்கு முன்னால் பாண்டிமுருகன் வண்டியை ஓரம் கட்டினான். இறங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"கால்ல குறைன்னு தெரிஞ்சா ஒன்னைய அத்து விட்ருவேன்னா நெனச்ச?"

"மொதல்ல அப்படித்தான் பயந்தேன். பெறகு, இத்தன வருஷம் மறைச்சத எப்படிச் சொல்றதுன்னு பயமா இருந்துச்சு."

"பதினேழு வருஷம் ஒரே வீட்ல இருந்துருக்கோம். என்னைய அம்புட்டுக் கெட்டவனாவா நெனச்சுக்கிட்டு இருந்த?"

அவன் வண்டியைக் கிளப்பினான்.

மகளிடம் தானே சொல்வதென்று அனுசுயா முடிவு செய்திருந்தாள். சத்தியப்பிரியா கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். அம்மா சொல்லி முடிக்கும்வரை போனை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே, நான் குதிக்கறத மேல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தியாம்மா?"

"ஆமா" என்றாள் அனுசுயா. வேறு எதைச் சொன்னாலும் அது இன்னொரு பொய்யாகத்தான் இருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விடுதித் தேர்வுக்கு அவளால் போக முடியவில்லை. அவர்கள் அணியிலேயே இருந்த இன்னொரு பிள்ளைக்கு இடம் கிடைத்தது. அந்தச் சேதி வந்த அன்று சத்தியப்பிரியா சாப்பிடவில்லை. அனுசுயா தட்டோடு போய் நின்றுவிட்டு அப்படியே திரும்பினாள். பாண்டிமுருகன் நாலைந்து வாரம் கழித்துப் பேச ஆரம்பித்தான். அதுவும் பால்காரர் வந்தாரா, கேஸ் சிலிண்டர் பதிஞ்சாச்சா என்கிற அளவில்தான். ஆனால் ஒருநாள் பரணில் இருந்த பாத்திரங்களையெல்லாம் இறக்கிக் கீழ் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தான்.

பிப்ரவரியில் காரைக்குடியில் அதே பிசியோதெரபி பெண்ணிடம் மகளுக்குப் பயிற்சி தொடங்கியது. வாரம் மூன்று நாள் அனுசுயாதான் கூட்டிப்போனாள். பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். இரண்டாவது வாரம், "உங்க காலையும் காட்டுங்கம்மா" என்றாள் அந்தப் பெண். அனுசுயா சேலையை முட்டிக்கு மேல் ஒதுக்கி, அடுத்தவர் பார்க்கத் தன் முட்டியை அந்த நாட்டு வைத்தியருக்குப் பிறகு முதல் தடவையாகக் காட்டினாள். சில்லு லேசாக வெளிப்பக்கம் ஒதுங்கி நின்றது. சத்தியப்பிரியா அதையே பார்த்தாள்.

"உங்களுக்கும் தொடைக்கு வலு ஏத்தணும். இல்லேன்னா மறுபடி நழுவும்" என்று அவளுக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள் அந்தப் பெண். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்காருகிற மாதிரி பாதிக்கு இறங்கி நிற்க வேண்டும். மகள் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். பத்து எண்ணுவதற்குள் அனுசுயாவின் தொடை நடுங்கியது. எழுந்துவிடலாமா என்று நினைத்தாள்.

"முட்டிய உள்ள விடாதம்மா" என்றாள் சத்தியப்பிரியா. முகத்தில் சிரிப்பில்லை. "வெளிய தள்ளு. இன்னும் கொஞ்சம்."

அனுசுயா தள்ளினாள்.

"அப்படியே நில்லு. இருபது வரைக்கும் எண்ணுறேன்."

அவள் பதினொன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.