முறிய வேண்டிய ஆணி

1

மனித குலம் இதுவரை செய்த இயந்திரங்களுள் தலைசிறந்தது ஸ்னோபுளோவர். அச்சியந்திரம் இரண்டாவது. மூன்றாவதைப் பற்றி நான் இன்னும் யோசிக்கவில்லை. முன்வாயால் பனியை அள்ளி, கழுத்தை உயர்த்தி, பத்து மீற்றருக்கு அப்பால் துப்பும் இந்த இயந்திரத்தை எங்கள் புறநகரான பியர்பொன்ட்ஸில் என்னைவிடத் திறமையாக ஓட்டக்கூடிய தமிழர் எவரும் இல்லை. (1988 ஜனவரி நிலவரப்படி, நானறிய பியர்பொன்ட்ஸில் இது வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றே ஒன்று. சாதனை சாதனைதான்.)

இக்கதை எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரித் தமிழ் மாணவர் கையெழுத்து இதழுக்கு நான் நையாண்டிப் பத்தி எழுதுகிறேன். ஆசிரியர் இம்முறை அகதி வாழ்வு பற்றி நான்கு பக்கம் கேட்டார். கண்ணீர் இருந்தால் நல்லது என்றார். பனியில் தனிமையைக் காணும் கவிதைகள் இதழுக்கு ஏற்கெனவே பதினொன்று வந்திருந்தன. பனியை அகற்றுவது எப்படி என்று ஒருவரும் எழுதவில்லை. ஆகவே நான். கதை பிறந்த இடம் எங்கள் வீட்டு கராஜ், பிறந்த காரணம் குற்ற [இச்சொல்லை இங்கே முடிக்க வேண்டாம். ஐந்தாம் பகுதிவரை தாங்கும்.]

2

தொடக்கம், முதல் முயற்சி: "வானம் வெள்ளைச் சேலை உடுத்தியிருந்த ஒரு"

இல்லை.

தொடக்கம், இரண்டாம் முயற்சி: வலன்ரைன் அத்தான் அக்காவின் சேலையால் கார் நிறுத்தும் பாதையை அளந்தார்.

இது நடந்தது. அத்தான் என் அக்கா சிசிலியின் கணவர். மன்னார்ப் பேசாலைக்காரர், கடலில் வெளியிணைப்பு இயந்திரப் படகு ஓட்டியவர், இங்கே ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. நவம்பரில் ஸ்னோபுளோவர் வாங்குவதென்று முடிவானதும் பாதையின் நீள அகலம் தேவைப்பட்டது. அளவுநாடா தேவாலய மண்டபத்துக்கு இரவலாகப் போயிருந்தது. நீளம் மூன்று சேலை, அகலம் ஒரு சேலை. கடைக்காரருக்கு இதை மீற்றரில் மொழிபெயர்த்தவன் நான்.

வாசகருக்குப் பயன்படட்டும் என்று தெரிவுமுறையைச் சொல்லிவைக்கிறேன். சிறிய இயந்திரம் புதுப்பனிக்குப் போதும். ஆனால் நகரசபை வண்டி தெருவை வழித்துவிட்டுப் போகும்போது வாசலில் இடுப்பளவு கட்டிப்பனியைக் குவித்துவிடும். அதைத் தின்ன இரண்டு கட்டமாக வேலை செய்யும் இயந்திரம் வேண்டும். ஒன்று திருகி உள்ளே இழுக்கும், மற்றது வெளியே எறியும். இது விளம்பரப் புத்தகத்திலேயே இருக்கிறது. அத்தானின் முறை அதில் இல்லை. அவர் ஒவ்வொரு கடையிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்: இது முறிந்தால் எது முதலில் முறியும்? மூன்று கடைக்காரர்கள் தங்கள் இயந்திரம் முறியவே முறியாது என்று நெஞ்சில் கைவைத்தார்கள். அத்தான் மூவருக்கும் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். நான்காமவர் ஒரு வயோதிபர். முழந்தாளிட்டு, திருகை அச்சோடு பிணைக்கும் சின்ன ஆணியைத் தொட்டுக்காட்டினார். கல்லோ பனிக்கட்டியோ சிக்கினால் இந்த மெல்லிய ஆணி முறிந்து, உள்ளே இருக்கும் பற்சக்கரத்தைக் காப்பாற்றும் என்றார். அத்தானுக்கு முகம் மலர்ந்தது. அதையே வாங்கினார்.

வீட்டுக்கு வரும் வழியில் காரணம் சொன்னார். கடலில் படகு இயந்திரத்தின் விசிறியிலும் இதே ஆணிதான். பாறையில் பட்டால் ஆணி போகும். இயந்திரமும் ஆளும் கரைக்கு வரும்.

3

இந்த இடத்தில் அத்தான் என்ற பாத்திரத்தின்மீது எனக்கு ஐயம் எழுகிறது. அளவுக்கு மீறி நல்லவராக வருகிறார். நையாண்டிக் கதையில் இப்படி ஒருவர் இருந்தால் எழுதுபவன் பிழைப்பது எப்படி? ஆகவே அவரது குறைகள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியாரைக் கூட்டிவந்து இயந்திரத்துக்குத் தீர்த்தம் தெளிப்பித்தார். எண்ணெயின் அளவை ஒவ்வொரு முறையும் பார்ப்பார், நேற்றுத்தான் பார்த்திருந்தாலும். வேலை முடிந்ததும் இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு வாய்ப்பனியை உதறுவார். வசந்தம் வந்தால் தாங்கியில் ஒரு சொட்டுப் பெற்றோல்கூட நிற்கக் கூடாது என்பார், பழைய பெற்றோல் பிசினாகிக் குழாயை அடைக்குமாம். இவையெல்லாவற்றையும் மன்னிக்கலாம். மன்னிக்க முடியாத ஒன்று: இயந்திரத்தைத் தொடுமுன் விளக்குமாற்றுத் தடியோடு பாதை முழுவதும் நடப்பார். இரண்டடிக்கு ஒருதரம் தடியைப் பனிக்குள் குத்துவார். ஏதாவது புதைந்து கிடக்குதோ என்று பார்க்கிறாராம். தெருவே பார்க்கும். நான் இதழில் ஒரு பத்தியே எழுதினேன்: "பனிக்கு ஊசி போடும் மனிதர்." நல்ல வரவேற்பு.*

* இருவர் பாராட்டினார்கள். ஒருவர் நான்.

எங்கள் வீட்டு நிலவறையில் தியாகலிங்கம் அண்ணை குடியிருந்தார். மட்டக்களப்பு, கல்லடிக்காரர். அவருடைய அகதி விசாரணைக்கு ஜனவரி இருபத்தோராம் திகதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி என்று நாள் குறித்துக் கடிதம் வந்திருந்தது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் கல்லடியில். இவருடைய கோரிக்கையை ஏற்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம். போகாமல் விட்டால் கோப்பை மூடிவிடலாம் என்று கடிதத்தின் அடியில் இருந்தது. அந்த வரியை அவருக்கு மொழிபெயர்த்தவனும் நான்தான். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டது இயந்திரம் அல்ல, அந்த வரிதான்.

4

மார்கழியில் வில்லரேயிலிருந்து மூன்று குடும்பங்கள் ஸ்னோபுளோவர் பார்க்க வந்தன. அடுக்குமாடியில் இருப்பவர்கள், இதை முன்பு பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள் பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போவதுபோலவே வந்தார்கள், கேக்கும் திராட்சையுமாக. கராஜில் வட்டமாக நின்று, என்ன நிறை, சத்தம் அதிகமோ, இரவில் தொந்தரவு தருமோ என்று விசாரித்தார்கள். நான் ஓட்டிக்காட்டினேன். கல்லூரியில் இதைப்பற்றி ஏற்கெனவே போதியளவு பேசியிருந்தேன். கூட்டத்தில் என் வகுப்புச் செலீனும் இருந்தாள்.

ஏழாவது அடியில் ஆணி முறிந்தது.

திருகு நின்றது. வந்தவர்களுள் ஒருவரான பேரின்பநாயகம் மாஸ்ரர், புதுச்சாமான் அல்லவா, அதுக்குள்ளே முறிஞ்சு போச்சே என்று துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார். அவருடைய மனைவி அவரை உஷ் என்று அடக்கினார், பிள்ளையின் காதில் விழக்கூடாது என்பதுபோல. செலீன் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அத்தான் பையிலிருந்து இன்னொரு ஆணியை எடுத்துப் போட்டார்.

"உது முறியத்தான் வேணும், மாஸ்ரர். முறியாட்டில்தான் பயப்பிட வேணும்."

ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

5

முதற்பிரதியில் இந்தப் பகுதி இப்படித் தொடங்கியது:

"அவமானம் தாங்காத வலன்ரைன், அன்று மாலையே தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த உருக்கு ஆணியை அந்த மெல்லிய ஆணியின் இடத்தில் பூட்டினார். இனி இது ஒருக்காலும் முறி"

மிகச் சிறந்த வாக்கியம். தொனி, ஓட்டம், வீழ்ச்சிக்கான விதை, எல்லாம் உண்டு. ஒரேயொரு குறை: அதைச் செய்தது வலன்ரைன் அல்ல.

[இங்கே இரண்டு நாள் எழுதவில்லை.]

உருக்கு ஆணியை அத்தானின் இழுப்பறையிலிருந்து எடுத்தவனும், கராஜ் கதவைச் சாத்திவிட்டு அதை இயந்திரத்தில் பூட்டியவனும் நான். இனி எந்த விருந்தாளியின் முன்னாலும் எங்கள் இயந்திரம் முறியாது. அந்த இரவு எனக்கு நிம்மதியான நித்திரை. பெருமையோடு தூங்குவது சுகமானது.

இருபதாம் திகதி மாலை தொடங்கிய பனி விடியும்வரை நிற்கவில்லை. அத்தான் இரவு வேலையில். காலை ஐந்தரைக்கு நான் கராஜைத் திறந்தேன். தியாகலிங்கம் அண்ணை ஏற்கெனவே உடுத்து நின்றார். அத்தானின் கலியாணக் கோட்டு, கையில் கடிதங்கள் வைத்த பை. விளக்குமாற்றுத் தடி சுவரில் சாய்ந்திருந்தது. நான் இயந்திரத்தை முடுக்கினேன்.

பாதி தூரம் அற்புதமாகப் போனது. அண்ணை கதவடியில் நின்று பார்த்ததால் இயந்திரத்தின் கழுத்தைக் கொஞ்சம் தேவைக்கு மேலாகவே உயர்த்தினேன். பிறகு ஒரு சத்தம். புதன்கிழமைகளில் வீட்டுக்கு வீடு எறிந்துவிட்டுப் போகும் விளம்பரத் தாள் கட்டு பனிக்குள் கிடந்து கல்லாய் உறைந்திருந்தது. திருகு அதைக் கடித்தது. முறிந்திருக்க வேண்டிய ஆணி முறியவில்லை. உள்ளே பற்சக்கரத்தின் பற்கள் ஒவ்வொன்றாக உடைவது கைப்பிடிவரை கேட்டது.

கழற்றிப் பார்த்தேன். என் ஆணியில் ஒரு கீறல்கூட இல்லை.

வாசலில் இடுப்பளவு கட்டிப்பனி. ரயில் நிலையத்துக்குப் போகும் பஸ் அன்று வரவில்லை. தொலைபேசியில் டாக்ஸிக்காரர் சிரித்தார். எங்களிடம் பனி அள்ளும் சவள்கள் இரண்டு இருந்தன. நான் ஒன்றை எடுத்தேன். மற்றதை எடுக்கப்போன அக்காவிடமிருந்து அண்ணை வாங்கிக்கொண்டார். கோட்டைக் கழற்றுங்கோ என்றாள் அக்கா. கழற்றினால் குளிரும், பரவாயில்லை என்றார். ஒரு மணித்தியாலம் அள்ளினோம். மூச்சு வாங்க நின்றபோது அவர் என்னிடம் நேரம் கேட்டார். நான் சொன்னேன். அதன்பிறகு கேட்கவில்லை.

ஏழு மணிக்கு அத்தான் பிரதான வீதியிலிருந்து நடந்து வந்தார். இயந்திரத்தின் முன் குனிந்து ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்காவின் கையிலிருந்த வாளியை வாங்கிப் பனி அள்ளத் தொடங்கினார்.

"பிறகு கதைப்பம், தம்பி," என்றார்.

6

ஏழு ஐம்பதுக்குக் கார் தெருவில் இறங்கியது. ஓட்டியது நான், அத்தான் இரவு முழுவதும் வேலை செய்துவிட்டு வந்தவர். நகரத்துக்குப் போய்ச் சேர ஒன்பது இருபத்தைந்து. கதை எழுதுபவனாக இந்த இடத்தில் ஒரு விபத்தை வைக்கலாம். வைக்கவில்லை. வழி முழுவதும் அண்ணை பையை மடியில் வைத்து, இரண்டு கைகளையும் ஊதிக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தில் விசாரணை அதிகாரி இன்னும் வரவில்லை. ஒன்பது ஐம்பதுக்கு வந்தார், ஒரு பெண், சப்பாத்து நனைந்து, உள்ளங்கையைத் துடைத்தபடி. நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை அண்ணை பிறகு காரில் சொன்னார். அதிகாரி முதலில் அண்ணையின் கோட்டின் ஈரத்தைப் பற்றிக் கேட்டாராம். வாசலைத் துப்புரவாக்கிவிட்டு வந்தேன் என்று இவர் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் சொல்ல, அந்த அம்மா தன் கையிலிருந்த கொப்புளத்தைக் காட்டினாராம்.

"நானும் என்ட கையக் காட்டின மனே," என்றார் அண்ணை. "எனக்கு நாலு. அவவுக்கு ஒண்டுதான்."

அவர் அவ்வளவு பெருமையோடு எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. மற்றக் கேள்விகள் மூன்று மணித்தியாலம் நீடித்தன.

அன்று பின்னேரம் அத்தான் சொன்ன பிறகு-கதை மிகச் சிறியது. ஏன் மாற்றினாய் என்று கேட்டார். மாஸ்ரர் ஆட்களுக்கு முன்னால் முறிந்ததால் என்றேன். முறிந்தது ஆணிதானே, நீயில்லையே என்றார். பற்சக்கரம் வாங்கிவந்து, மூன்று மாலை நிலவறையில் இருந்து, அண்ணை விளக்குப் பிடிக்க, என்னைக்கொண்டே பூட்டுவித்தார். இப்போது பியர்பொன்ட்ஸில் ஸ்னோபுளோவரின் குடலைப் பிரித்துப் பூட்டிய ஒரே தமிழ் மாணவன் நான். இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

7

முடிவு அ: மார்ச் மாதம் கடிதம் வருகிறது, ஏற்றுக்கொண்டார்கள். அக்கா பாற்சோறு கிண்டுகிறாள். [ஆசிரியருக்குப் பிடிக்கும்.]

முடிவு ஆ: கடிதம் வருகிறது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுகிறார். இரண்டு தரம் வாசி என்கி

முடிவு இ: எழுதப்படவில்லை.

மூன்றையும் அண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கதையில் அவரும் இருப்பதால் அனுமதி கேட்பது முறை என்று தோன்றியது. ஆறுதலாக வாசித்தார். ஆ-வை வாசித்ததும் தாளை மடித்தார்.

"முடிவ மட்டும் எழுதாத மனே. முதல்ல அவங்க எழுதட்டும்."

ஆகவே, வாசகரே, என்னிடம் முடிவு இல்லை. உங்களிடம் இருந்தால் வைத்திருங்கள். ஆனால் தயவுசெய்து அவருக்குச் சொல்ல வேண்டாம். இன்று பெப்ரவரி பதினாறு. தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். பாதை மூடிக்கிடந்தால் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். இரவு மறுபடி ஒரு முழம் கொட்டியிருக்கிறது. அத்தான் வேலையால் வந்து தூங்குகிறார். அண்ணை தெருப்பக்க யன்னலடியில் தேநீரோடு இருக்கிறார், எதையும் பார்க்காதவர்போல.

நான் கராஜைத் திறந்தேன். எண்ணெயைப் பார்த்தேன். தெருவின் இரு பக்கமும் ஆளில்லை என்று உறுதிசெய்தேன். பிறகு விளக்குமாற்றுத் தடியை எடுத்துக்கொண்டு பாதையின் ஓரத்தில் நடக்கத் தொடங்கினேன், இரண்டடிக்கு ஒருதரம் பனிக்குள் குத்தியபடி.