கண்ணாடி ஊதியவன் பெயர்

கல்யோவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவன் உலை முன்னால் நின்று ஊதுகுழலை வாயில் வைத்தால் போதும், பொட்டலம் கட்டும் பிரிவுப் பெண்கள் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள். அதே உலை முன்னால் நான் இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடி ஊதுகிறேன். எனக்காக ஒருத்தி வந்து நின்றதில்லை. என் பெண்டாட்டி சல்மேயும் அந்தப் பிரிவில்தான் வேலை செய்கிறாள், அவள்கூட வந்ததில்லை.

பெண்கள் போகட்டும். லெய்டா விஷயம்தான் என்னால் பொறுக்க முடியாதது. லெய்டா என்கிற அம்மாள் எங்கள் தொழிற்சாலையின் கலைஞர். அவர் காகிதத்தில் வரைவார், நான் அதைக் கண்ணாடியில் ஊதுவேன். பதினோரு வருஷம் இப்படி. "இந்தக் கழுத்து நிக்காது, சரிஞ்சிடும்" என்பேன். பேசாமல் அழித்துவிட்டு வேறு மாதிரி வரைவார். மாஸ்கோவில் இருந்து வந்த பெரிய மனிதர்கள் சொன்னால்கூட ஒரு கோட்டை அழிக்காதவர், நான் சொன்னால் அழிப்பார். எல்லாம் முடிந்து ஆறியதும் அடியில் வைர ஊசியால் தன் பெயரைக் கீறுவார். ஊதியவன் பெயரைக் கீறுகிற வழக்கம் கிடையாது. யாருக்கும் இல்லாதபோது எனக்கு மட்டும் என்ன குறை என்று இருந்தேன்.

அப்போதுதான் இவன் வந்து சேர்ந்தான். யார்வகண்டி ஊர்க்காரன், வயது முப்பத்து நாலு. அங்கே உள்ள தொழிற்சாலையில் ஊறுகாய் ஜாடிக்கு ஊதிக்கொண்டிருந்தவன். ஆனால் பேச்சைக் கேட்க வேண்டுமே. பத்து வார்த்தை பேசினால் அதில் இரண்டு "எங்க வீட்ல" என்றிருக்கும். எங்க வீட்ல இப்படித்தான் உருட்டுவாங்க, எங்க வீட்ல அச்சுக்குப் பேரிக்காய் மரக்கட்டைதான். அவன் கொள்ளுத்தாத்தாவின் அப்பா மெலெஸ்கி கண்ணாடிக் கூடத்தில் ஊதினாராம். அதற்கு முன்னால் பொகீமியாவில் ஊதினார்களாம். இங்கே மட்டும் ஐந்து தலைமுறை. எங்கள் வீட்டில் மீன் பிடித்தார்கள். நான் பிறந்த முகூ தீவில் கண்ணாடி என்றால் ஜன்னலில் இருப்பது, அதுவும் எங்கள் வீட்டு ஜன்னலில் பாதி பலகைதான்.

அந்தப் பிப்ரவரியில் ஒரு நாள், உலையில் வேர்க்கிறவர்களுக்காக வைத்த உப்புச் சோடா இயந்திரத்துக்குப் பக்கத்தில் நான் மூன்றாவது குவளை குடித்துக்கொண்டிருந்தபோது லெய்டா வந்தார்.

"எண்டெல், ஒரு நல்ல சேதி. லெனின்கிராட் கண்காட்சிப் புத்தகத்துல இந்தத் தடவை ஊதினவங்க பேரும் போடுறாங்க. மூணு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தேன். இப்பத்தான் சரின்னாங்க."

எனக்கு நெஞ்செல்லாம் நிறைந்துவிட்டது. "நல்லது" என்றேன். எங்கள் தீவுக்காரர்கள் அதற்கு மேல் சொல்வதில்லை.

"புகை நிறத்துல பெரிய கிண்ணம் ஒண்ணு வரைஞ்சிருக்கேன். அதைக் கல்யோவை ஊதச் சொல்லியிருக்கேன்."

சோடா மூக்கில் ஏறியது.

"அவ்வளவு கனத்தை உங்க தோள்பட்டை தாங்காது" என்றார். "போன மாசம் நீங்களே வலிக்குதுன்னீங்க."

"அது ஈரக் காத்துக்கு வலிக்கும். இப்பக் காஞ்ச பனி."

அவர் சிரிக்கவில்லை. "பிடிகம்பிய நீங்கதான் பிடிக்கணும். அதை வேற யார்கிட்டயும் நம்பிக் குடுக்க மாட்டேன்."

பிடிகம்பி என்பது ஒரு இரும்புக் கோல். அதன் நுனியில் கொஞ்சம் உருகிய கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, ஊதி முடித்த கிண்ணத்தின் அடியில் ஒட்ட வேண்டும். ஊதியவன், கிண்ணம் குழலோடு சேரும் கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊதுகுழலைத் தட்டுவான். கிண்ணம் குழலை விட்டு, கம்பிக்கு வந்துவிடும். அப்புறம்தான் வாயை விரித்து முடிக்க முடியும். கம்பி ரொம்பச் சூடாக இருந்தால் அடி பிய்ந்துவிடும். ஆறியிருந்தால் ஒட்டாது, கிண்ணம் தரைக்குப் போகும். கஷ்டமான வேலைதான். ஆனால் கம்பி பிடித்தவன் பெயரை எந்தப் புத்தகத்திலும் போடமாட்டார்கள். லெய்டா அதைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வீட்டில் அன்றைக்குச் சூப்பு உப்பாக இருந்தது. நான் அதைச் சொல்ல, சல்மே கறுப்பு ரொட்டி மேல் உப்பில் ஊறிய சின்னக் கிலு மீனை அடுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"உன் காதுல புகை வருது."

"உலைகிட்ட நிக்கிறவனுக்குப் புகை வரத்தான் செய்யும்."

"கல்யோவும் உலைகிட்டதான் நிக்கிறான். அவனுக்கு வரலியே."

"அவனப் பத்தி இந்த வீட்ல பேசாதே."

"நான் எங்க பேசினேன்? கதவத் தொறந்ததுலருந்து நீதான் அவனப் பத்தியே ஓதிக்கிட்டு இருக்கே. பதினோரு வருஷம் அந்தம்மாவுக்கு ஊதினே, நான் ஒரு நாளாவது பொறாமைப்பட்டிருப்பேனா?"

"ஏன் படல?"

"உன்னப் பாத்தா யாருக்கு வரும்" என்று சொல்லி ரொட்டியை என் பக்கம் தள்ளினாள்.

கிண்ணம் ஊதிய நாள் ஒரு வியாழக்கிழமை. புகை நிறக் கண்ணாடி ஒரே ஒரு உருக்குப் பானையில்தான் இருந்தது, அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பானையை மாற்றிவிடுவார்கள். மறுவாரம் பெட்டிகள் லெனின்கிராடுக்குப் போகின்றன. லெய்டா தரையில் சாக்கட்டியால் கிண்ணத்தை முழு அளவில் வரைந்துவிட்டு ஓரமாக நின்றார். பெண்கள் வழக்கம்போல வந்துவிட்டார்கள். சல்மேயும் வந்திருந்தாள். இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கல்யோ நன்றாக ஊதினான். மோசமாக ஊதினான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மூன்று தடவை கண்ணாடி எடுத்தான், ஒவ்வொரு தடவையும் இரும்புப் பலகையில் உருட்டினான், நனைத்து மடித்த செய்தித்தாளை உள்ளங்கையில் வைத்துத் தடவித் தடவி உருவம் கொடுத்தான். அந்தத் தாளின் படத்தில் பேசிக்கொண்டிருந்த தலைவர் கருகிப் போனார், அதற்காவது உதவினார். கிண்ணம் பெருத்துக்கொண்டே வந்தது. சுவருக்குள் ஒரு வரிசைக் குமிழிகள், எல்லாம் ஒரே அளவு. அந்தக் குமிழி வரிசை எட்டு வருஷம் முயன்றும் எனக்குச் சரியாக வந்ததில்லை. என் தோள்பட்டை நன்றாக இருந்த காலத்திலும் வந்ததில்லை. அது எனக்கும் தெரியும், லெய்டாவுக்கும் தெரியும். தோள்பட்டை என்று சொன்னது மரியாதைக்குத்தான் என்று அந்த நிமிஷம் புரிந்தது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"கம்பி" என்றான் கல்யோ.

நான் நுனியில் கண்ணாடி எடுத்துக்கொண்டு திரும்பினேன். உலையிலிருந்து அவன் இருக்கைக்கு ஆறு எட்டு வைக்க வேண்டும். நான் மூன்றாவது எட்டில் நின்றேன். யாரும் கவனிக்கவில்லை, எல்லார் கண்ணும் அவன் மேல். நுனியில் ஆரஞ்சு நிறம் மங்கிச் சிவப்பாவதைப் பார்த்துக்கொண்டே மூன்று மூச்சு விட்டேன். வேண்டுமென்றேதான் நின்றேன். திரும்பிப் போய்ச் சூடுபடுத்திக்கொண்டு வர நேரம் இருந்தது. போகவில்லை. மீதி மூன்று எட்டையும் வைத்து அவனிடம் போனேன்.

அவன் இடுக்கியால் கம்பியின் நுனியைப் பிடித்துக் கிண்ணத்தின் அடியில் நடுவாக வைத்தான். ஒரு கணம் தயங்கினான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு கழுத்தில் தண்ணீரை விட்டுத் தட்டினான்.

கிண்ணம் என் கம்பிக்கு வந்தது. நான் உலைப் பக்கம் திரும்பினேன். இரண்டு எட்டு வந்திருக்கும், கை லேசாகிவிட்டது. அப்புறம் சத்தம்.

லெய்டா சாக்கட்டிக் கோட்டின் மேல் சிதறிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நான் வாயைத் திறக்கும் முன்னே கல்யோ எழுந்துவிட்டான்.

"என் தப்பு" என்றான். "தண்ணியக் கூடுதலா விட்டுட்டேன். அடி வரைக்கும் இறங்கிடுச்சு."

லெய்டா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

லெனின்கிராடுக்கு லெய்டா எதையும் அனுப்பவில்லை. மேலிடத்தில் கேள்வி கேட்டார்கள். இரண்டு வாரத்தில் கல்யோ தானாகவே எழுதிக் கொடுத்து அச்சுப் பிரிவுக்குப் போனான். அங்கே ஊதுவது கிடையாது. உருகிய கண்ணாடியை அச்சில் விட்டு அமுக்கிச் சிகரெட் சாம்பல் கிண்ணம் செய்வார்கள், நாளைக்கு எண்ணூறு. ஐந்து தலைமுறைக்காரன் சாம்பல் கிண்ணம் அமுக்குகிறான். நான் ஆசைப்பட்டது இதுதானே, சந்தோஷம் வந்திருக்க வேண்டும். முதல் நாள் கொஞ்சம் வந்தது, அதையும் மறைப்பானேன்.

சனிக்கிழமை தொழிற்சாலையின் சௌனாவில், நீராவிக் குளியல் அறையில், அவனைப் பிடித்தேன். மேல் படியில் தனியாக உட்கார்ந்து சௌனா வழக்கப்படி பிர்ச் இலைக் கொத்தால் முதுகில் அடித்துக்கொண்டிருந்தான். நான் கீழ்ப் படியில் உட்கார்ந்தேன். துணியில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது சுற்றி வளைத்துப் பேச வரவில்லை.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்றேன்.

"எப்படி?"

"தண்ணின்னு. தண்ணி இல்லேன்னு உனக்குத் தெரியும்."

அவன் அடுப்பில் காய்ந்த கல் மேல் ஒரு அகப்பை தண்ணீர் ஊற்றினான். ஆவி அடங்கியதும் சொன்னான்.

"கம்பி ஆறியிருக்குன்னு நிறத்துலயே தெரிஞ்சுது, பெரியவரே. திரும்பப் போய்ச் சூடு பண்ணிட்டு வாங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். உங்க மூஞ்சியப் பாத்தேன். இருபத்தாறு வருஷம் கம்பியும் குழலும் பிடிச்ச ஆளு, இவருக்குத் தெரியாததா, என் கண்ணுதான் ஏமாத்துதுன்னு நினைச்சுக்கிட்டேன். என் கண்ண விட்டுட்டு உங்கள நம்பினேன். அப்ப அது என் தப்புதானே?"

அவன் குத்திக்காட்டுகிறானா என்று பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. முகத்தில் வேர்வைதான் இருந்தது. "இந்தாங்க, என் முதுகுல ரெண்டு அடி குடுங்க" என்று இலைக் கொத்தை நீட்டினான். வாங்கி அடித்தேன். கொஞ்சம் பலமாகவே அடித்தேன். என்னால் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது, அவனால் முடிகிறது. குமிழி வரிசை போதாதென்று இதுவுமா இவனுக்கு என்று எரிச்சல் வந்தது.

லெய்டா மறுபடியும் எனக்கு வரைந்தார். நானும் ஊதினேன். ஆனால் ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. யார் பிடிகம்பி கொண்டுவந்தாலும் என்னால் வாங்க முடியவில்லை. நுனியை உற்றுப் பார்ப்பேன், கொண்டுவந்தவன் மூஞ்சியைப் பார்ப்பேன், "ஆறிப்போச்சு, போ" என்பேன். சூடாக்கிக்கொண்டு வந்தால் "இப்பக் கொதிக்குது, போ" என்பேன். பையன்கள் அல்ல, கல்யாணமான ஆட்கள், என்னை முறைத்துக்கொண்டு போவார்கள். இதற்குள் கிண்ணம் ஆறி விரிசல் விட்டுவிடும். அந்த வருஷம் நான் உடைத்ததற்குக் கணக்கில்லை. கடைசியில் எப்படியோ ஒரு குடுவை தப்பிப் பிழைத்தது. அடுத்த கண்காட்சிக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

புத்தகத்தின் அச்சுப் பிரதி திருத்தத்துக்கு வந்த அன்று லெய்டா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குடுவையின் படம், கீழே சின்ன எழுத்தில் வடிவமைப்பு என்று அவர் பெயர், அதற்குக் கீழே ஊதியவர் என்று என் பெயர். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்தேழு வருஷம்.

அவர் களைப்பாக இருந்தார். அன்று காலையில்தான் இன்னொன்றை உடைத்திருந்தேன்.

"நாலு தடவை கம்பியத் திருப்பி அனுப்பினீங்க, எண்டெல். உங்களுக்கு என்னதான் ஆச்சு? கல்யோ ஒரு தடவகூடத் திருப்பி அனுப்பினதில்ல."

"ஆமா" என்றேன். "ஒரே ஒரு தடவ அனுப்பியிருக்கணும்."

அவர் தலையை நிமிர்த்தினார். சொல்லிவிட்டேனே என்று எனக்கே திகைப்பாக இருந்தது. வெளியே டிராம் வந்து நின்று போனது.

"கம்பி ஆறியிருந்துச்சா?"

"ஆற விட்டேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அச்சுப் பிரதியை மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தார். அதன் மேல் பென்சிலை வைத்தார்.

"நான் கோடு போட்டு அடிக்க மாட்டேன். உங்க பேரு. நீங்களே பாத்துக்குங்க."

பென்சிலை எடுத்தேன். ஒரு கோடு போட்டால் போதும். என் பெயரைப் பார்த்தேன். ஏழெட்டு வருஷம் போனால் அந்தப் புத்தகத்தை யாரும் புரட்டப் போவதில்லை. கல்யோவாக இருந்தால் அடித்திருப்பான், யோசித்திருக்கவே மாட்டான். பாவி, அதிலும் அவன்தான் முந்துகிறான். அந்த எண்ணம் வந்ததும் என் கை நின்றுவிட்டது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

புத்தகம் மே மாதம் வந்தது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது, எழுத்துப் பிழைகூட இல்லை. சல்மே அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள். லெய்டா அதற்குப் பிறகு எனக்கு ஒரு படமும் வரையவில்லை. இப்போது அச்சுப் பிரிவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு கல்யோவுக்குச் சாம்பல் கிண்ணம் வரைகிறார்.