ஏழும் பதினைந்தும்

எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி பிரிவதென்றால் இருவர் புகாரையும் சமன்பாடாக்கித்தான் தீர்ப்பு. தெரியாதவை இரண்டு: வீடு, குழந்தை. ஒரே விடை வந்தால் குழந்தை யாரிடம் என்று தெரிந்துவிடும். எண்ணற்ற விடைகள் வந்தால், எப்படி வேண்டுமானாலும் வாழலாம் என்று சேர்த்தே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விடையே இல்லையென்றால் குழந்தை அடுத்த வழக்குக்குப் போகும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான், என் மகள் மகிழினி. வீட்டை சுகந்தியே வைத்துக்கொள்ளட்டும், இடிந்துகூட விழட்டும்.

கசப்பை நிறுக்கும் அதிகாரி மாசிலாமணி என் புகாரை நிறுத்தார். வீட்டுக்கு இரண்டு பங்கு, குழந்தைக்கு மூன்று, மொத்தக் கசப்பு ஏழு. சுகந்தியுடையது நான்கு, ஆறு, பதினைந்து. அவளுக்கு எல்லாமே என்னைவிட இரண்டு மடங்குதான், தலைவலி உட்பட; கசப்பில் மட்டும் அதற்குமேல் ஒன்று கூடுதல்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “இடது பக்கம் ரெண்டு பேரும் ஒண்ணையேதான் சொல்றீங்க. அம்மா, பதினாலுன்னு சொல்லிடுங்க. மூணு பேரும் ஒரே ஆட்டோல வீட்டுக்குப் போயிடலாம்.”

“முடியாது சார். அந்த ஒண்ணு, எங்கப்பா காரியத்துக்கு இவரு வராதது.”

“சரி, நீங்க ஏழரைக்கு ஏறி வாங்க தம்பி. அப்பவும் சரியா வந்துடும்.”

“அரை என்ன சார், அரைக்கால்கூட ஏற மாட்டேன். அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்.”

மகிழினி எங்கள் நடுவில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. சுகந்திக்கும் எரிந்திருக்கும், இரண்டு மடங்கு.

“விடை இல்லை,” என்றார் அதிகாரி.

அடுத்த தம்பதி உள்ளே வந்தார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லாததால் வழக்கு நகராமலே கிடந்ததாம். மகிழினி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள்.

“பாப்பா, நீ எவ்வளவு?” என்று அந்த ஆள் கேட்டான்.

“இன்னும் தெரியலை மாமா.”

நாங்கள் செருப்பைத் தேடிப் போடுவதற்குள் அவர்களுக்கு ஒரே விடை வந்துவிட்டது. குழந்தை அவனுக்கு. மகிழினி மைனஸ் மூன்று. பாவி, என் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தபடியே படி இறங்கினான்.

அவன் வீட்டில் இருப்பது அவன், அவன் அம்மா, ஒரு தம்பி; மைனஸ் மூன்று உள்ளே வந்தால் மூன்று பேரும் கழிய வேண்டும். வாசலில் நின்று போன் போட்டான்.

“அம்மா, நீயும் தம்பியும் கிளம்புங்க. நான் வந்து பாப்பாவை உள்ளே விட்டுட்டுக் கிளம்பறேன். சாவி பக்கத்து வீட்ல இருக்கட்டும்.”