முத்திரை உடைந்த பெட்டி

அன்று கூடலூரில் செல்லப்பாண்டி வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்: நான், என் மனைவி மொக்கம்மாள், என் தங்கை பஞ்சம்மாள், அவள் கணவர் செல்லப்பாண்டி, அவருடைய அக்காள் ராக்கம்மாள், அவருடைய பங்காளிகள் அம்மாவாசி, சங்கிலி, காது குத்த வந்த சுருளியாண்டி ஆசாரி, உத்தமபாளையத்து வாத்தியார் சின்னச்சாமி, என் மடியில் தங்கை மகள், இரண்டு வயது மருமகள் சந்தனம்மாள். இந்தப் பத்துப் பேரைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

சின்னமனூரில் எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. தாய்மாமன் தட்டில் முதலில் விழும் காசு யார் கையிலும் புழங்காத காசாக இருக்க வேண்டும். என் தகப்பனார் பெரியகுளம் கஜானாவில் சொல்லிவைத்துப் புது வெள்ளி ரூபாய் வாங்கி வருவார். அதை விரலால் தொடாமல் வெற்றிலையால் பிடித்துத் தட்டில் வைப்பார். அது விழுந்த பிறகுதான் பங்காளிகளின் தட்டு முன்னே வரலாம். விழாவிட்டால் முதல் தட்டு அவர்களுடையது. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுக்கு அந்த நிலை வந்ததில்லை.

இப்போது யுத்த காலம். வெள்ளி ரூபாயை ஊரே பானையில் போட்டுப் புதைத்துவிட்டது. கஜானாவில் ஒரு ரூபாய்க்குக் காகிதம் நீட்டுகிறார்கள். காகிதத்தைத் தட்டில் வைக்கும் தாய்மாமன் நானல்ல.

என்னிடம் ஒரு பெட்டி இருந்தது. நான் முப்பது வருஷமாகப் பழங்காசு சேர்க்கிறவன். குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒரு துரையும் சேர்க்கிறவர். அவர் சீமைக்குத் திரும்பும்போது, என் வயலில் கிடைத்த பன்னிரண்டு செப்புக் காசுகளை வாங்கிக்கொண்டு இந்தப் பெட்டியைத் தந்தார். ரூபாய் முதல் தம்பிடி வரை எட்டுக் காசு, அச்சடித்த இடத்திலேயே தோல்பெட்டியில் அடுக்கி, துணி சுற்றி, அரக்கு முத்திரை வைத்தது. முத்திரையை மட்டும் உடைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். பதினாறு வருஷம் நான் உடைக்கவில்லை.

இதற்காகச் சின்னச்சாமி வாத்தியார் என்னோடு சண்டை போடாத மாதமில்லை. அவரும் காசு சேர்க்கிறவர்தான். அட்டையில் ஓட்டை போட்டு, காசைச் செருகி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறவர். முத்திரை போனால் அது அச்சுச்சாலைப் பெட்டி என்பதற்கு என்ன சாட்சி என்று நான் கேட்பேன். கண்ணால் காணாத காசைச் சேர்த்தேன் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்பார். அந்த வழக்கு தீரவே இல்லை.

அன்று நான் பெட்டியைப் பிரிக்காமல், முத்திரை வெளியே தெரியும்படி தட்டில் வைத்தேன். புழங்காத காசு வேண்டும். இதைவிடப் புழங்காத காசு இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ராக்கம்மாள் குனிந்து பார்த்தாள்.

“சின்னமனூராரே, காசு வைக்கச் சொன்னா பொட்டிய வைக்கிறீக. உள்ள என்ன இருக்கு?”

“எட்டுக் காசு இருக்கு மதினி.”

“பாத்தீகளா?”

“பாக்கல.”

“அப்பறம் எட்டுன்னு எப்படித் தெரியும்? ஏலே சங்கிலி, எங்கிட்டயும் ஒரு பொட்டி இருக்கு. நூறு பவுன் இருக்குன்னு வச்சுக்க. தொறக்க மட்டும் கேக்காத.”

சங்கிலி சிரித்தான். அம்மாவாசி சிரிக்கவில்லை. அவன் தன் தட்டை ஒரு சாண் முன்னே நகர்த்தினான். அதை நான் பார்த்தேன், பஞ்சம்மாளும் பார்த்தாள்.

“மச்சான், தொறந்து காட்டிட்டா என்ன கொறஞ்சு போச்சு?” என்றார் செல்லப்பாண்டி.

“முத்திரை போயிரும் மாப்பிள்ளை.”

“அரக்குத்தானே? கடையில கட்டியா விக்கிறான்.”

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அந்த மனிதர் இத்தனை பேர் நடுவில், “தொறக்கத்தான்யா வேணும். நானும் பதினாறு வருஷமா அதத்தான் சொல்றேன்” என்றார். அவரை வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்ததற்கு என்னை நானே நொந்துகொண்டேன்.

“ஊசி காய்ஞ்சிருச்சு சாமி, சீக்கிரம்” என்றார் ஆசாரி. குழந்தை ஊசியைப் பார்த்து அழத் தொடங்கியது. அம்மாவாசியின் தட்டு இன்னொரு சாண் நகர்ந்தது.

பெட்டி கெட்டால் என் காசு கெடும். பெட்டியைத் திறக்காவிட்டால் என் சொல் கெடும். நான் பெட்டியைத் தட்டிலிருந்து எடுத்து, வெற்றிலைப் பெட்டியில் இருந்த பாக்குவெட்டியால் முத்திரையை உடைத்தேன். வேறு யாரும் உடைக்கவில்லை; நான்தான் உடைத்தேன்.

எட்டுக் குழி, எட்டுக் காசு. ரூபாயின் விளிம்பில் நீலம் ஓடி, நடுவில் புகை நிறம் படர்ந்து, அதற்கடியில் கண்ணாடி போல் மின்னியது. மெருகேற்றிய அச்சில் தனியாக அடித்த காசு அது. வாத்தியார் குனிந்து முகத்தைப் பெட்டியருகே கொண்டுபோனார்.

“கருத்துப் போச்சே. ஈயமா?” என்றாள் ராக்கம்மாள். நான் வெற்றிலையை எடுப்பதற்குள் ரூபாயைக் கையால் எடுத்துவிட்டாள்.

அப்புறம் அதைப் பிடிக்க முடியவில்லை. அம்மாவாசி சுண்டிப் பார்த்தான். சங்கிலி பல்லில் வைத்துக் கடித்தான். செல்லப்பாண்டி வேட்டியில் துடைத்தார். ஆசாரி மடியிலிருந்து உரைகல்லை எடுத்து, விளிம்பைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

“நல்ல வெள்ளி சாமி” என்றார், எனக்கு உபகாரம் செய்துவிட்டது போல.

“கேட்டுக்கிட்டீகளா மதினி? இப்பக் குடுங்க” என்றேன்.

ரூபாய் ராக்கம்மாள் கையில் இல்லை. ஆசாரி கையிலும் இல்லை. பஞ்சம்மாள் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். அண்ணனுக்குக் கறுப்புக் காசு வைத்தான் என்ற பேர் வரக்கூடாதென்று, புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கொண்டு வந்திருந்தாள்.

“பாருங்கண்ணே, எப்படிப் பளபளங்குது.”

கண்ணாடி மினுக்கம் போய்விட்டது. ராஜாவின் கன்னமெல்லாம் நார்க்கீறல். வாத்தியார் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் என்ன சொல்வது? சொந்தத் தங்கை. என் மானத்தைக் காப்பாற்றத்தான் தேய்த்தாள்.

“நல்லா இருக்குத்தா” என்றேன்.

ராக்கம்மாள் விடவில்லை. “பளபளப்பு இருக்கட்டும். ஆறு பேரு கைபட்டிருச்சு. இதப் புழங்காத காசுன்னு எப்படிச் சொல்றது?”

“நீங்கதானே மதினி மொதக் கை வச்சீக?” என்றாள் என் மனைவி மொக்கம்மாள்.

“சோதிக்க வேண்டாமா? கை வைக்காம எப்படிச் சோதிக்கிறது?”

தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார்கள். தொட்ட பிறகு ஏற்க மாட்டார்கள். அம்மாவாசி தன் தட்டை இரண்டு கையாலும் தூக்கிவிட்டான்.

நான் குழந்தையை இடது கையில் அணைத்துக்கொண்டு எழுந்தேன். ரூபாயை என் மடியில் செருகினேன். பெட்டி திறந்தபடியே கிடந்தது. அதில் மீதி ஏழு காசும் குழிக்குள் அப்படியே இருந்தன. ராக்கம்மாள் ரூபாயைப் பிடுங்கிய அவசரத்தில் அவற்றை ஒருவரும் தொடவில்லை. பெட்டியோடு தூக்கி என் தட்டில் வைத்தேன்.

“அரை ரூபாய், கால் ரூபாய், ரெண்டணா, ஓரணா, காலணா, அரைக் காலணா, தம்பிடி. ஏழு. ஒருத்தர் கையும் படல. பத்துப் பேரும் சாட்சி. இதுக்கும் சோதனை உண்டா மதினி?”

ராக்கம்மாள் பெட்டியைப் பார்த்தாள். கையை நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டாள்.

“தட்ட எறக்கி வையிலே” என்றார் செல்லப்பாண்டி. அம்மாவாசி இறக்கி வைத்தான். நான் மறுபடி உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள, ஆசாரி இரண்டு காதையும் குத்தினார்.

திரும்பும் வழியில் வண்டியில் வாத்தியார், “எப்படியோ பாத்துட்டோம்ல” என்றார். உத்தமபாளையம் வரும்வரை நான் அவருக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியைத் திறக்கும்போதே ஏழு காசுதான் இருந்தது, ரூபாயைச் சின்னமனூரார் முன்னமே விற்றுத் தின்றுவிட்டார் என்று கம்பம் சந்தையில் ஒரு பேச்சு நடக்கிறது. அது பொய். எட்டும் இருந்தன. ஏழு தட்டோடு குழந்தைக்குப் போயின; எட்டாவது என் அலமாரியில் இருக்கிறது. நார்க்கீறலோடு, யார் வேண்டுமானாலும் வந்து தொட்டுப் பார்க்கலாம்.