மருந்து வாடை

மேளச் சத்தம் ஏரிக்கரைப் பக்கம் திரும்பியதும் பொன்னம்மாள் அரிசிப் பானையைக் கட்டித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஆம்பளைகள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் வீட்டைக் காலி செய்து, கழுவி, தம்பி வேம்புலி தலைவைத்துக் கிடந்த இடத்தில் விளக்கேற்றியாக வேண்டும். அடுத்த வீட்டுத் தாயம்மா பாய்களைச் சுருட்டி எடுத்து வந்தாள். டிரங்குப் பெட்டி, முறம், சாமி படம் என்று ஒவ்வொன்றாக வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தன.

கன்னியம்மா வேலியோரம் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் ஒரு வேலையும் சொல்லவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு வெள்ளானூர் கொடுக்கும் ஒரே லீவு அதுதான். அவள் மடியில் மகள் தாட்சாயிணி பழைய புடவைக்குள் சுருண்டு கிடந்தாள். ஆறு வயது. கொளுத்தும் வெயிலில் பிள்ளைக்குப் பல் கிட்டித்தது.

முந்தாநாள் இதே நேரத்துக்குத்தான் முதல் குளிர் வந்தது. நேற்று ஒன்றுமில்லை. இன்று மறுபடியும். வேம்புலிக்கும் இப்படித்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆரம்பித்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒழிந்தே போய்விட்டது என்று எல்லோரும் சொன்ன முறைக்காய்ச்சல், போன மழைக்குப் பிறகு வழி தெரிந்த விருந்தாளியாக ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வேம்புலிக்கு ரத்தம் எடுத்து மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டு வேளை விழுங்கினான், வேர்த்து விட்டது. மீதியைப் பரண்மேல் போட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குச் சைக்கிளை மிதித்தான். அடுத்த முறை வந்த காய்ச்சலில் கன்னியம்மாவையே யாரென்று கேட்டான். மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். இன்று விடிகாலையில் போய்விட்டான்.

தெருமுனையில் வாளி உரசும் சத்தம் கேட்டது. மலேரியாக்காரர்கள். சுவருக்கு மருந்தடிக்கிற மூன்று பேர். முன்னால் வந்த பிரகாசத்தை ஊருக்கே தெரியும், பட்டாபிராமில் இருப்பவர். தெருவில் சிதறிக் கிடந்த பூவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். மற்ற இருவரிடம் சத்தமில்லாமல் கடந்து போகும்படி கையைக் காட்டினார்.

சாவு விழாவிட்டாலும் அந்த வீட்டைக் கடந்துதான் போயிருப்பார். மூன்று வருஷத்துக்கு முன்பு, பக்கத்து ஊர்களில் காய்ச்சல் தலைகாட்டியபோது, அவர்கள் மருந்தடித்த மறுநாள் செத்து விழுந்த கரப்பான்களைக் கொத்தித் தின்ற வேம்புலியின் கோழிகள் வரிசையாகச் செத்தன. வாடை தாங்காமல் இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் வந்தால் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பான். அவன் மட்டும் என்றில்லை. ஒருவர் சாமி இருக்கிற இடம் என்பார். ஒருவர் பானை சட்டியை யார் வெளியே எடுப்பது என்பார். இன்னொருவர் தாராளமாக அடிக்கவிட்டு, மறுநாளே சுவரைச் சாணி போட்டு மெழுகிவிடுவார். ஊரில் இத்தனை உறவுக்காரர்கள் இருக்கையில் கொசு எதற்காக ஊரைவிட்டுப் போகவேண்டும்?

கன்னியம்மா வீட்டைப் பார்த்தாள். உள்ளே ஒரு சாமான் இல்லை. நான்கு சுவரும் வெறுமையாக நின்றன. அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து தெருவுக்கு வந்துவிட்டாள்.

"சார், நில்லுங்க. எங்க ஊட்டுக்கு அடிச்சிட்டு போங்க."

பிரகாசம் திகைத்தார். "இன்னைக்கு வாணாம்மா. எழவு ஊடு."

"மறுபடி எப்ப வருவீங்க?"

"இந்தச் சுத்து இன்னையோட முடியுது. இனிமே தை கழிஞ்சிதான்."

"அப்ப இன்னைக்கே அடிங்க. ஊடு காலியா கீது."

பொன்னம்மாள் கையிலிருந்த துடைப்பத்தோடு ஓடிவந்தாள். "உனுக்கு இன்னா புத்தி பேதலிச்சிப் போச்சா? பொணம் இன்னும் குழி எறங்கல, நீ தெருவுல நின்னு பேசிகினு கீற!"

"புள்ளைக்கும் குளிர் வந்துடுச்சி, அண்ணி."

"மாத்திரை குடு. மூட்டப்பூச்சிக்கு பயந்து ஊட்டக் கொளுத்துவாங்களா?" பொன்னம்மாள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "சொல்றத கேளு, கன்னிம்மா. பதினாறு நாளும் உசுரு இந்த ஊட்டையேதான் சுத்தினு இருக்கும். வெளக்கப் பாத்துதான் உள்ள வரும். உசுரோட இருக்கசொல்லவே இந்த வாடைக்கு சோறு துன்னாதவன். இப்ப எப்டிடி உள்ள வருவான் என் தம்பி?"

தெருவில் எல்லோரும் கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். நாத்தனார் சொன்னதை அவளும் நம்பினாள். மற்ற யாரையும்விட அவளுக்குத்தான் அவன் வரவேண்டியிருந்தது. கடைசி மூன்று நாளும் அவளை அடையாளம் தெரியாமலே போனவன். ஒரு தடவையாவது வந்து தன்னைத் தெரிந்துகொண்டு போகமாட்டானா என்று விடியற்காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தோளில் பிள்ளை உதறியது.

"இத அடிச்சா கொசு பூரா செத்துடுமா சார்?"

பிரகாசம் தரையைப் பார்த்தார். "பொய் சொல்ல மாட்டேம்மா. முன்ன மாதிரி இல்ல, கொசுவும் மருந்துக்குப் பழகிகினு வருது. ஆனா கொறையும். புள்ளைய மறுபடி கடிக்கிறது கொறையும். மாத்திரைய மட்டும் சொரம் வுட்டாலும் நிறுத்தாத."

கன்னியம்மா திரும்பினாள். "அவரு வராட்டி போவட்டும், அண்ணி. எனுக்கு இவ இருக்கணும்."

பொன்னம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். மருந்தடிக்க வந்தவர்களில் ஒருவர் வாளியில் பம்பை அடிக்க, இன்னொருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு கூரையின் உள்பக்கம் முதல் தரைவரை பட்டை பட்டையாக அடித்துக்கொண்டே வந்தார். வேம்புலி படுத்திருந்த மூலையிலும் அடித்தார். பிரகாசம் தாட்சாயிணியின் விரலில் ஊசியால் குத்திக் கண்ணாடித் தகட்டில் ரத்தம் எடுத்தார். மாத்திரை கொடுத்தார். சுவர் காய்ந்த பிறகு தரையை மட்டும் மெழுகிக்கொள்ளச் சொன்னார்.

"செவுத்துல சாணி, சுண்ணாம்பு எதுவும் படக்கூடாதும்மா."

"கருமாதிக்கு வெள்ளை அடிக்காத ஊடா?" என்றாள் தாயம்மா.

"அடிக்கல" என்றாள் கன்னியம்மா.

பொழுது சாயும்போது சுவர் காய்ந்து வெள்ளை திட்டுத் திட்டாகப் பூத்திருந்தது. வாடை தொண்டையைப் பிடித்தது. தாயம்மாதான் தரையை மெழுகினாள். கன்னியம்மா பிள்ளையை உள்ளே கிடத்தி, அகலில் எண்ணெய் ஊற்றத் தேடினாள். அகலைக் காணவில்லை.

வெளியே எட்டிப் பார்த்தாள். பொன்னம்மாள் கூரைச் சரிவுக்குக் கீழே, வாசற்படிக்குப் பக்கத்தில் விளக்கை ஏற்றிவைத்து, காற்றுக்கு முறத்தை அண்டக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் டீ.

சுடுகாட்டிலிருந்து ஆட்கள் வந்து கால் கழுவினார்கள். வேம்புலியின் சித்தப்பா சின்னசாமி மூக்கைச் சுளித்தார். "இன்னாது, வெளக்கு வாசல்ல கீது?"

"இங்க வெச்சா எரியாதா? பாத்துட்டு போ நைனா" என்றாள் பொன்னம்மாள்.

அவர் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். தாட்சாயிணிக்கு வேர்க்கத் தொடங்கியது. முதுகைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த கன்னியம்மாவுக்கு வெளியே நாத்தனார் தணிந்த குரலில் பேசுவது கேட்டது.

"உள்ள போவாத தம்பி, வாடை அடிக்கிது. இங்கியே குந்து. டீல சக்கரை தூக்கலாத்தான் போட்டுக்கீறேன். உம் பொண்ணுக்காவத்தான் அடிச்சாங்க. அவளக் கோச்சிக்காத."

கன்னியம்மா துடைத்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு வாசலுக்கு வந்தாள்.

"மாத்திரை குடுத்தியா?" என்றாள் பொன்னம்மாள், திரும்பாமலே.

"குடுத்தேன்."

"சொரம் வுட்டுச்சின்னு நிறுத்திடாத."

"ம்."

பொன்னம்மாள் வாசற்படியின் ஒரு ஓரத்தில் இருந்தாள். கன்னியம்மா மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. இருவரும் நகர்ந்து உட்காரவில்லை.